சத்தம் வாங்குகிற அக்கா

போடியில் அந்த அக்கா எதிரே யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். டீக்கடைக்குப் போனால் மாஸ்டர் ஒற்றை விரலைக் காட்டுவார், ஒன்றா என்று. அக்கா தலையாட்டுவார். சர்க்கரை வேண்டுமா என்பதற்கு மாஸ்டர் புருவத்தைத் தூக்குவார். அதுவரை ஏலக்காய் விலைக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர்கள் அவரவர் கிளாசுக்குள் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா குடித்து முடித்து, படியிறங்கி, தெருமுனை திரும்பும்வரை கிளாஸ் கழுவுகிற சத்தம் மட்டும்தான். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ பழைய பகை போலிருக்கிறது என்று நினைத்தேன். அது பயம் என்று தெரிய ஒரு மாதம் ஆனது.

நான் காது டெஸ்ட் எடுக்கப் படித்தவள். சென்னையில் படிப்பை முடித்த சூட்டோடு, சிலமலையில் வீடு, போடியில் வேலை என்று ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சேர்ந்தேன். ஆளாளுக்கு மாஸ்க்கை இன்னும் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த வருசம். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியை ஆறே மாதத்தில் தலைகீழாக மாற்றிவிடுவேன் என்று எனக்கு ஒரு துடிப்பு. அக்கா அங்கே பல வருசமாக இருந்தார். டோக்கன் கொடுப்பார். காதுக்குள் வண்டு போய்த் துடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எண்ணெய் விட்டு முதலில் வண்டைச் சாகடிப்பார், அப்புறம்தான் டாக்டரிடம் அனுப்புவார். மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்ட பிள்ளைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மலையுச்சி மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர், பேச்சில் அங்கங்கே மலையாளம் ஒட்டியிருக்கும். பேரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் போடியில் பாதிப் பேருக்கு இப்போதே தொண்டை கரகரக்கும்.

அவர் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். கழுத்தைப் பார்ப்பார். ஆள் பேச ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

நான் சேர்ந்த முதல் வாரம், குரங்கணிக்கு மேலேயிருந்து ஜீப்பில் வந்த ஓர் அம்மாவுக்கு வந்த கையோடு டெஸ்ட் எடுத்தேன். இரண்டு காதும் மந்தம் என்று வந்தது. காது மிஷின் வைக்கவேண்டியிருக்கும் என்று பெரிய மனுசி மாதிரி சொல்லிவிட்டேன். அந்த அம்மா அழுதுகொண்டே வெளியே போனார். அக்கா என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. மலையிலிருந்து இறங்கின காது அது, தண்ணி கொடுத்து, கொட்டாவி விட வைத்து, அரைமணி நேரம் உட்கார வைத்துவிட்டு மறுபடி எடு என்றார். எடுத்தேன். காது சுத்தமாக இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தம்மா மெதுவாப் பேசுனாங்க பாப்பா. அடைச்ச காதுக்காரங்களுக்கு அவங்க சத்தம் அவங்க தலைக்குள்ளயே முழங்கும். அதான் கொறச்சுப் பேசுவாங்க. நெசமா நரம்பு போனவங்க கத்துவாங்க. சாரமில்ல, பரவாயில்ல, போகப்போகத் தெரியும்."

நான் நாலு வருசம் படித்ததை அவர் டோக்கன் கிழிக்கிற நேரத்துக்குள் கேட்டு முடித்திருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமை, நிறைய ஆசை. அன்றிலிருந்து அவர் பின்னாலேயே திரிந்தேன்.

காது டெஸ்டுக்கென்று எங்களிடம் ஒரு சின்ன அறை உண்டு. சுவர் முழுக்கப் பஞ்சு, கனத்த கதவு, வெளியிலிருந்து பார்க்க ஒரு கண்ணாடி. ஊர்க்காரர்களுக்கு அது கண்ணாடி ரூம். கதவைச் சாத்தினால் ரோட்டுச் சத்தம், ஹாரன், பக்கத்து மாவு மில் எல்லாம் அறுந்துபோகும். இரண்டு நிமிசம் உட்கார்ந்தால் நம் கழுத்தில் ரத்தம் ஓடுவது நமக்கே கேட்கும். ஒரு மத்தியானம் ஹெட்போனை எடுக்கலாம் என்று கதவைத் திறந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய போன். அதிலிருந்து ஓர் ஆள், வரப்பில் நின்று கூப்பிடுகிற மாதிரி, "ஏ பெரியவனே, மாட்ட அவுத்துட்டு வா" என்றார். சற்று நிறுத்தி, மறுபடியும் அதையே கூப்பிட்டார்.

யாரென்று கேட்டேன்.

"சிலமலைக்காரரு. உங்க ஊருதான்."

"நான் பாத்திருக்கேனாக்கா?"

"பாத்திருக்க மாட்ட. போயி மூணு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

விசயம் இதுதான். தொண்டையில் புற்று முற்றிப்போய் வருகிறவர்களுக்கு மதுரையில் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஓட்டை, அது வழியாக மூச்சு. சத்தம் அதோடு முடிந்தது. அப்படிப் போகிறவர்களை, கிளம்புமுன், அக்கா கண்ணாடி ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். போனை நீட்டிக் கூப்பிடச் சொல்வார். பேச விடமாட்டார். வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி. பெண்டாட்டியை, பிள்ளையை, மாட்டை, கூட வேலை பார்க்கிறவனை. ஏன் பேசச் சொல்வதில்லை என்றதற்கு, பேச்சை யார் திருப்பிக் கேட்கப்போகிறார்கள், கூப்பிட்டால்தானே திரும்பிப் பார்ப்பார்கள் என்றார். அவருடைய வீட்டுக்காரர் போட்டோவில் இருக்கிறார், சத்தத்தில் இல்லை என்று ஒரு தடவை சொன்னார்.

தோட்டத்து ஆட்கள் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஏலச்செடி ஆளை மறைக்கும், மூடுபனி வேறு. பக்கத்து வரிசையில் நிற்பவரே தெரியாது. அதனால் "ஊவ்..." என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். காதில் விழுந்தவர் யாராக இருந்தாலும் பதில் சத்தம் கொடுத்தே ஆகவேண்டும். வேண்டாதவனாக இருந்தாலும் கொடுக்கணும். பதில் கிடைக்காத சத்தம் ஆளைத் தேடித் திரியும் என்பது மலையில் பேச்சு. அந்தச் சத்தங்களும் அக்காவின் போனில் இருந்தன.

வியாழக்கிழமைதோறும் ஒரு பெண் வருவார். அந்தச் சிலமலைக்காரரின் மனைவி. அக்கா அவரைக் கண்ணாடி ரூமில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, போனை இணைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கவேண்டும், அதுதான் காது டெஸ்டின் விதி. அந்தப் பெண்ணுக்கு அதை யாரும் சொன்னதில்லை. ஆனால் புருசன் கூப்பிடக் கூப்பிட அவருடைய விரல் தானாக எழும்பும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நமக்கு ஒன்றும் கேட்காது. விரல் எழும்பும், இறங்கும், எழும்பும். நான் இரண்டு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

என் வயசுக் கோளாறு, ஒரு நாள் உற்சாகமாக ஆரம்பித்தேன். இத்தனை சத்தம் இருக்கிறதே அக்கா, கம்ப்யூட்டரில் ஏற்றினால் இதே குரலில் நாம் என்ன எழுதினாலும் பேச வைத்துவிடலாம், அந்த அம்மாவுக்குத் தினம் ஒன்று புதுசாகச் சொல்லும் என்றேன். அக்கா டோக்கன் கட்டையைக் கீழே வைத்தார். "அவரு சொல்லாதத அவரு வாயில வைக்கவா?" என்று மட்டும் கேட்டார்.

ஊர் இதையெல்லாம் வேறு மாதிரி சேர்த்துப் பார்த்திருந்தது. அந்த அக்கா கண்ணை மூடினால் தொண்டையில் கட்டி. கண்ணாடி ரூமுக்குள் கூப்பிட்டால் சத்தம் போச்சு. போன சத்தம் எங்கே? அந்த போனுக்குள். ஆக, வாங்குகிறவர் அவர்தான். இதை நம்பியவர்களில் காலேஜ் படித்தவர்களும் உண்டு. டாக்டர் என்னிடம் புலம்புவார், மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை கம்மியிருந்தால் வந்து காட்டுங்கள் என்று போர்டு எழுதி வைத்திருக்கிறேன், போர்டுக்குக் கீழே இந்தம்மா உட்கார்ந்திருந்தால் எவன் வருவான் என்று. வரவில்லைதான். மலையேறுகிற ஆட்கள் தொண்டை கம்மினால் ஒரு ஏலக்காயைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். கையெட்டும் தூரத்தில் ஏலக்காய் இருக்கிற ஊர். அது இதமாக இருக்கும். இதமாக இருப்பதுதான் வினை. மாதக்கணக்கில் அடக்கிக்கொண்டு, மூச்சு முட்டும்போதுதான் வருவார்கள்.

அப்படி அடக்கிக்கொண்டிருந்தவர்களில் என் மாமாவும் ஒருவர்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போடியிலிருந்து மெட்டு வழியாகத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு அவருடையது. வளைவுக்கு வளைவு கத்திப் பழகிய குரல். அது நாலு மாதமாகக் கரகரத்துக் கிடந்தது. அம்மா அழுதாள். நான் கெஞ்சினேன். கூட்டாளி டிரைவர் ஒருவர் இதே மாதிரி கம்மிக்கொண்டே திரிந்து போன வருசம்தான் போய்ச் சேர்ந்திருந்தார், அதையும் சொல்லிப் பார்த்தேன். மாமா அசையவில்லை. "அவன் நல்லாத்தான் இருந்தான் ஆத்தா. அந்தப் பொம்பள அவனக் கண்ணாடி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனா. அதோட சரி. அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றார். மதுரைக்காவது வாருங்கள் என்றேன். அங்கே போனாலும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்றார்.

எனக்கு வந்த கோபத்தை அக்காவிடம்தான் காட்டினேன். உங்களால்தான் என் மாமா சாகப்போகிறார் என்று சொல்லியேவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை மாமா எத்தனை மணிக்கு ஆள் ஏற்றுவார் என்று கேட்டார். பிறகு, "நீ முன்னாடி உக்காரு. பேச வை. மதி, அது போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் சும்மா மெட்டு வரைக்கும் வருகிறேன் என்று சொல்லி மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள். அவர்களோடு, தலையில் துண்டைச் சுற்றி, மாஸ்க் போட்டுக்கொண்டு அக்கா. மாமாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அடிவாரத்து முந்தல் தாண்டும்வரை பின்னால் ஒரே கலகலப்பு. யாரோ ஒருத்தியின் மாமியாரை எல்லோரும் சேர்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மாமாவிடம் ஜீப்பைப் பற்றி, அத்தையைப் பற்றி, வாய்க்கு வந்ததைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் கரகரவென்று பதில் சொன்னார். இரண்டாவது வளைவிலோ மூன்றாவது வளைவிலோ பின்னால் ஒரு குரல் குறைந்தது. யாரோ ஒருத்தி அந்தக் கண்களைப் பார்த்துவிட்டாள். அவள் பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளியிருக்க வேண்டும். வளைவுக்கு ஒருத்தியாக வாய் மூடிக்கொண்டே வந்தார்கள். மேலே ஏற ஏற எனக்குக் காதும் அடைத்தது. கடைசியில் இன்ஜின் சத்தமும் மாமாவின் குரலும் மட்டும்தான்.

"என்ன ஆத்தா, எல்லாரும் தூங்கிட்டீங்களா?" என்று மாமா கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கண்ணாடியில் நானும் பார்த்தேன். அத்தனை பேரும் விழித்திருந்தார்கள். ஒருவர் மட்டும் கண்ணை மூடியிருந்தார்.

மெட்டு தாண்டிப் பூப்பாறை ரோட்டில் ஒரு தோட்டத்து வாசலில் பெண்கள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அக்கா மட்டும் டிரைவர் பக்கம் வந்து மாஸ்க்கை இறக்கினார். மாமாவின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார். ஐம்பது வயசு ஆள், கசாயத்துக்கு வாய் திறக்காத பிள்ளை மாதிரி.

"இப்ப வந்தா மதுரையில கரண்டு வைப்பாங்க, சத்தம் திரும்பிரும். இன்னும் ரெண்டு மாசம் போனா நான் கண்ணாடி ரூமுக்குத்தான் கூப்புடணும். கூப்புட வச்சிராதீங்கண்ணே" என்றார் அக்கா. கரண்டு என்றால் கதிர்வீச்சு.

மாமா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், அவளைத் தள்ளிப் போகச் சொல்லு என்று. அக்கா பத்தடி தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றார். மாமா என் காதில் ஊதினார், சத்தமில்லாமல். அந்தப் போனில் இருக்கிற ஆட்களையெல்லாம் இங்கேயே இறக்கிவிடச் சொல்லு, இறக்கிவிட்டால் வருகிறேன்.

போய்ச் சொன்னேன். அக்கா சரிவைப் பார்த்தார். ரோட்டுக்குக் கீழே ஏலச்செடி, அதற்குக் கீழே பனி. ஜீப்பில் பாட்டுப் போடுகிற ஸ்பீக்கர் இருந்தது. போனை அதில் இணைத்து, கதவைச் சரிவுப் பக்கம் திறந்து வைத்துவிட்டு, முதல் ஆளைப் போட்டார்.

"ஊவ்..."

எனக்குத் தெரியாத யாரோ ஒரு கிழவர். சத்தம் பனிக்குள் போனது. நான் அது முடிந்தது என்று நினைத்தேன். கீழேயிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, "ஊவ்..." என்று பதில் வந்தது.

காய் எடுக்கிற பெண்கள்தான். சத்தம் கேட்டால் பதில் கொடுக்கவேண்டும், கொடுத்தார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும், செத்துப்போன ஆள் கூப்பிடுகிறார், உயிரோடிருக்கிற ஒருத்தி இங்கேதான் இருக்கிறேன் என்கிறாள். அக்கா போனில் அழித்தார். "எறங்கிட்டாரு" என்றார். அடுத்த சத்தம். அதற்கும் பதில். எறங்கிட்டாங்க. அடுத்தது. பேர் சொல்லிக் கூப்பிட்ட, மலைக்குக் கீழே ஊர்களில் இருந்த ஆட்களுக்கும், பெரியவனை மாட்டை அவிழ்த்துக்கொண்டு வரச் சொன்னவருக்கும்கூட, வார்த்தை புரியாமலே கீழேயிருந்து யாரோ ஒருவர் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியாக ஒன்று.

"மாப்ளேய்... ஏத்தியாச்சா?"

மாமாவின் கூட்டாளி. ஜீப் ஸ்டாண்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தினமும் அவர் கேட்டது. கண்ணாடி ரூமில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றபோது, பெண்டாட்டி பிள்ளைகளை முடித்துவிட்டு மாமாவையும் கூப்பிட்டிருக்கிறார். பனிக்குள் அது போனது. கீழே வேலை ஓய்ந்து எல்லோரும் வேறு பக்கம் நகர்ந்துவிட்டார்களோ, என்னவோ. பதில் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அக்கா அழிக்கவில்லை. பதில் வராமல் அழிக்கக்கூடாது.

மாமா ஜீப்பை விட்டு இறங்கினார். சரிவு ஓரத்துக்குப் போய், வாயிலிருந்த ஏலக்காயைத் துப்பிவிட்டு, வாயைக் குவித்து "ஏத்தியாச்சு மாப்ளே" என்று கத்தினார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை, கழுத்து நரம்பு புடைக்க. "ஏத்தி" வரைக்கும் ஏதோ கிழிந்த மாதிரி வந்து நின்றது. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. நாலு மாதமாக வீட்டில் எல்லோரும் சொன்னதை அவர் அப்போதுதான் கேட்டார்.

அக்கா போனில் கை வைத்தபோது மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இவன் இருக்கட்டும், என்கூடக் கீழே வரட்டும் என்று உதட்டை அசைத்தார். அக்காவிடம் மாமா வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பிறகு வண்டியைத் திருப்பினார். வழியில் கை காட்டிய யாரையும் ஏற்றவில்லை.

அன்றே டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாண் ஒன்றின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படிவு. அக்கா உள்ளே வரவில்லை, மலையிலிருந்து இறங்கினவர்களுக்குத் தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரெண்டு நாணும் அசையுதா?"

"அசையுதுக்கா."

நாண் அசைந்தால் புற்று இன்னும் ஆழமாக இறங்கவில்லை என்று அர்த்தம். அக்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கரண்டு வைத்தால் போதும், வெட்டவேண்டியதில்லை என்று மதுரையிலும் சொன்னார்கள். மாமா இன்றைக்கும் வண்டி ஓட்டுகிறார். குரல் கொஞ்சம் தடித்துவிட்டது. வளைவில் கத்துவதற்கு அது போதும்.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தார். உங்கள் வீட்டுக்காரரை மேலே இறக்கிவிட்டுவிட்டேன் என்று அக்கா அவரிடம் சொன்னார். அந்தப் பெண் சரி என்றார். ஆனாலும் கண்ணாடி ரூமுக்குள் போய் ஹெட்போனை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். அதன் ஒயர் எதிலும் செருகியிருக்கவில்லை. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல் எழும்பியது. இறங்கியது. எழும்பியது. நான் உள்ளே போகப் பார்த்தேன். அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்தார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. ஊரே சொல்லிக்கொண்டது, அந்த அக்காவுக்குக் காது போய்விட்டதாம், இத்தனை பேர் சத்தத்தை வாங்கினால் போகாதா பின்னே என்று. சொல்லிச் சிரித்தவர்கள் அவருக்கு எதிரிலேயே நின்று சிரித்தார்கள். அந்த மாதமே கம்மிய தொண்டையோடு ரெண்டு மூணு பேர், அவர் கையில் டோக்கன் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். டெஸ்ட் எடுத்துவிடலாமா அக்கா என்று நான் கேட்டதற்கு, காதில் விழாத மாதிரி போய்விட்டார். பஞ்சு எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்று படித்தவள் நான். அதிகம் தடுக்காது.

நான் வேறு ஊருக்கு வேலை மாறிக் கிளம்புவதற்கு முந்தின நாள், இரண்டு பேரும் ஜீப் ஸ்டாண்டு வழியாக நடந்தோம். "மெட்டு, மெட்டு, பூப்பாறை" என்று அங்கே ஆள் கூப்பிடுகிற ஒருவர் அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்தார். செவிட்டு ஆளிடம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கும் போல. மகள் கல்யாணம் தட்டிப்போனது, வீட்டுக்காரி கோவித்துக்கொண்டு போனது, யாரிடமும் சொல்லாததையெல்லாம் நின்று கொட்டினார். அக்கா தப்புத் தப்பான இடத்தில் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குப் பரம திருப்தி, கும்பிட்டுவிட்டுப் போனார்.

தெரு திரும்பியதும், பஞ்சை எடுக்காமல், என்னைப் பார்க்காமல், அக்கா சொன்னார்:

"அவர வெரசா வந்து காட்டச் சொல்லு பாப்பா. நான் சொன்னேன்னு சொல்லிராத."